சட்டம் காவல் இருக்குமா?



பிள்ளை கைத்தொலைபேசியில் துப்பாக்கி விளையாட்டு விளையாடும்போது, அந்தச் சத்தத்தை எங்களில் பலரால் தாங்க முடிவதில்லை. உண்மையான வெடிச்சத்தத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். "இதையெல்லாம் அரசாங்கம் தடுத்தால் என்ன?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அப்படிச் சட்டம் போட்டுப் பார்த்த ஓர் இடத்தின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறியது. கொலை, சித்திரவதை போன்ற கொடுமைகள் நிறைந்த வீடியோ விளையாட்டுக்களை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது. மீறினால் 1,000 டொலர் வரை தண்டம். சண்டைப் படங்களில் நடித்துப் புகழ்பெற்ற ஆர்னோல்ட் சுவார்செனேகர்தான் அப்போதைய ஆளுநர். அவரே கையொப்பமிட்டார்.

விற்பனையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. 2011 ஜூன் 27ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், 7 நீதியரசர்களுக்கு 2 பேர் என்ற கணக்கில், அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

நீதியரசர் ஸ்காலியா எழுதிய தீர்ப்பில் எங்களுக்கும் உதவும் நியாயங்கள் உள்ளன. பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் பழைய கதைகளிலும் கொடுமை உண்டு. சூனியக்காரியைப் பிள்ளைகள் அடுப்பில் தள்ளும் கதையை அவர் எடுத்துக்காட்டினார். விளையாட்டுத்தான் பிள்ளையை வன்முறையாளனாக்குகிறது என்று ஆய்வுகள் நிரூபிக்கவில்லை என்றார். இன்னொன்றும் கேட்டார்: இது அவ்வளவு ஆபத்தான பொருள் என்றால், பெற்றோர் அல்லது ஒரு மாமா, மாமி வாங்கிக் கொடுத்தால் மட்டும் பரவாயில்லை என்று அந்தச் சட்டம் ஏன் விட்டது?

மறுபக்க நியாயத்தையும் மறைக்கக் கூடாது. நீதியரசர் பிரேயர் தீர்ப்புடன் உடன்படவில்லை. நிர்வாணப் பெண்ணின் படமுள்ள சஞ்சிகையை 13 வயதுச் சிறுவனுக்கு விற்கத் தடை இருக்கும்போது, ஒரு பெண்ணைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் விளையாட்டை அவனுக்கு விற்கலாமா என்று கேட்டார். பெண்களாகிய எங்களை உறுத்தும் கேள்வி இது. அப்படிப்பட்ட விளையாட்டு என் வீட்டுக்குள்ளும் வரக்கூடாது. ஆனால் எந்தக் கதை பிள்ளைக்குக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆட்சியாளரிடம் கொடுத்துவிட்டால், அது விளையாட்டோடு நின்றுவிடுமா? தணிக்கை செய்யப்பட்ட பத்திரிகைகளை வாசித்த எங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சட்டம் இல்லாமலே அங்கு மாற்றம் வந்தது. 1994 முதல் விளையாட்டுத் துறையினரே பெட்டிகளில் வயதுக்குறி இட்டு வந்தார்கள். மத்திய வர்த்தக ஆணைக்குழு பிள்ளைகளைக் கடைகளுக்கு அனுப்பிச் சோதித்தது. 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டை 2000ஆம் ஆண்டில் 100 பிள்ளைகளில் 85 பேரால் வாங்க முடிந்தது. 2011இல் அது 13 ஆகக் குறைந்தது. கடைக்காரர் கேட்டார், பெற்றோர் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்று விளையாட்டு கடையிலிருந்து வருவதில்லை, தொலைபேசிக்குள்ளேயே இறங்குகிறது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் கீழும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஒரு குறி இருக்கும். அதைப் பாருங்கள். அங்குள்ள அமைப்புகளில் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து, உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசிய இலக்கம் ஒன்றை இட்டால், வயதுக்கு மீறியவை இறங்கா. தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் பக்கத்தில் இருந்து, "தம்பி, இதில் யாரைச் சுடுகிறாய்? ஏன்?" என்று கேளுங்கள். பிறகு நீங்கள் கண்ட யுத்தத்தைப் பற்றி, அவன் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள். செத்தவர் மறுபடி எழும்புவது விளையாட்டில் மட்டும்தான் என்பதை உங்களைவிட நன்றாக அவனுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?