எல் போர்டுக்கு ஒரு நிமிடம்



கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது 48. லைசென்ஸ் கைக்கு வந்த இரண்டாவது வாரம், மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குக் காய் வாங்கத் தனியாகக் கிளம்பினேன். இடது ஓரத்தில் நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு வண்டிக்கு இடம் இருந்தது. இண்டிகேட்டர் போட்டு, சற்று முன்னால் போய் நிறுத்தி, ரிவர்ஸ் கியரைப் போட்டேன். பின்னால் ஓர் ஆட்டோ, அதற்கும் பின்னால் தண்ணீர் கேன் ஏற்றிய வண்டி. முதல் ஹார்ன் கேட்டதும் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்பதே மறந்துவிட்டது. பாதி நுழைந்த வண்டியை வெளியே எடுத்தேன். குளத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தேன். மறுபடியும் ஹார்ன். காய் வாங்காமலே வீடு திரும்பினேன். அதன்பின் இரண்டு மாதம் கார் உறைக்குள்ளேயே கிடந்தது.

“ஓட்டத் தெரியும், நிறுத்தத்தான் பயம்.” இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிக் கற்றுக்கொண்டவர்கள். வீட்டு வாசலில் சொந்தக் கார் நிற்க, அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போக ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எப்படி நிறுத்துவது என்ற ஒரே கேள்விதான் அவர்களைத் தடுக்கிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

யார் மேல் குறை சொல்வது? நான் போன பயிற்சிப் பள்ளியில் தினமும் அரை மணி நேரம் ஓட்டினேன். மாஸ்டர் நல்ல மனிதர். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். கியர் மாற்றவும் ஆஃப் கிளட்ச்சில் மேடு ஏறவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் வகுப்பு முடிந்ததும் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியது எப்போதும் அவர்தான். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளில் ஒரு நாள்கூட நான் இரண்டு கார்களுக்கு நடுவே நுழைந்ததில்லை. டெஸ்ட் அன்று நேரே போய், திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்தேன். முடிந்தது.

விதி அப்படிச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதியை எடுத்துப் படித்தேன். குறுகலான ஓர் இடத்துக்குள் இடமாகவோ வலமாகவோ வண்டியைப் பின்னால் எடுத்து, கட்டுப்பாட்டோடு நுழைத்துக் காட்ட வேண்டும் என்ற பொருளில் அதில் தெளிவாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் பேரலல் பார்க்கிங் செய்து காட்டாமல் கார் லைசென்ஸ் கிடையாது. பக்கத்துக் கேரளம் 2024இல் டெஸ்ட் முறையை மாற்றி இதையும் சேர்த்தது. அங்குள்ள பயிற்சிப் பள்ளிகள் எதிர்த்துப் போராடின. மைதானத்துக்கும் தளத்துக்கும் எங்கே போவது என்ற அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் அந்த மாற்றம் வேண்டியதுதான் என்றே நினைக்கிறேன். வண்டியைச் சரியாக நிறுத்தத் தெரியாதவரை ஓட்டக் கற்றது பாதிதான்.

சரி, எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். அவர் கார் ஓட்டியதே இல்லை. ஆனால் பல வருடமாக அந்த முனையில் வந்து நிற்கும் கார்களைப் பார்த்துப் பார்த்து, எந்தச் சக்கரம் எங்கே போகும் என்பது அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, தெரு காலியாக இருக்கும் நேரத்தில், முன் காருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, பின் காருக்கு ஒரு வாளி என்று வைத்துப் பழகினோம். “வாங்கம்மா, வாங்க வாங்க... லெஃப்ட்ல ஃபுல்லா ஒடிங்க... போதும், நேர் பண்ணுங்க... இப்ப ரைட்ல ஒடிங்க.” அவர் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை.

ஏன் பின்னாலேயே நுழைய வேண்டும் என்பது புரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. காரில் திரும்புவது முன் சக்கரங்கள் மட்டுமே. பின் சக்கரங்கள் போன வழியே போகும். முன்பக்கமாக நுழைந்தால் தலை உள்ளே போய்விடும், வால் நடுரோட்டில் நிற்கும். அதை உள்ளே இழுக்க வழியில்லை. பின்பக்கமாக நுழைந்தால் திரும்பத் தெரியாத சக்கரங்கள் முதலில் ஓரம் போய்ச் சேரும். திரும்பத் தெரிந்த சக்கரங்கள் கடைசியில் வந்து வண்டியை நேராக்கும்.

சைமன் பிளாக்பர்ன் என்ற பிரிட்டிஷ் கணிதப் பேராசிரியர் 2009இல் இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். காரின் திரும்பும் வட்டம், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம், முன்னால் நிற்கும் காரின் அகலம் இவையெல்லாம் அதில் வரும். நமக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம், வண்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இடம் இருந்தால் போதும். 2006 மத்திய பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். அதனால்தான் நம் தெருக்களில் அந்த அளவுக் கார்கள் இத்தனை. அவற்றுக்கு ஆறு மீட்டர் இடம் தாராளம்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்காக, நான் வாளி வைத்துக் கற்றதைச் சொல்கிறேன். முன்னால் நிற்கும் காரை ஒட்டி, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடம் விட்டு, இரண்டு பின் பம்பர்களும் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்துங்கள். இடது இண்டிகேட்டர் போட்டபடி இருக்கட்டும். வண்டி நகரத் தொடங்கியதும் இடப்பக்கம் முழுக்க ஒடியுங்கள். இப்போது வண்டியின் மூக்கு வலப்பக்கமாக ரோட்டுக்குள் தள்ளும். எனவே வலப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் நிற்கும் காரின் இரண்டு விளக்குகளும் வலது கண்ணாடியில் தெரிந்தால் ஸ்டீயரிங்கை நேராக்கி மெல்லப் பின்னால் வாருங்கள். நம் முன் பம்பரின் இடது மூலை முன் காரைத் தாண்டியதும் வலப்பக்கம் முழுக்க ஒடியுங்கள். நடைபாதை ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இருந்தால் நன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கோணல் ஆகிவிட்டால் வெளியே வந்து மறுபடி நுழையுங்கள். எல்லாமே நடக்கிற வேகத்தை விட மெதுவாகத்தான்.

2019 ஜூலை முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகிவிட்டது. அது நல்ல துணை. ஆனால் எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்றுதான் அது சொல்லும், எந்தப் பக்கம் ஒடிப்பது என்று சொல்லாது. அதைக் கைதான் பழக வேண்டும். கை பழகத் தேவையான அந்த ஒரு நிமிடத்தைப் பின்னால் நிற்கிறவர்கள்தான் கொடுக்க முடியும்.

இதே மயிலாப்பூர் மாட வீதிகளில் பங்குனி மாதம் தேர் வருகிறது. அவ்வளவு பெரிய தேரை முனையில் திருப்புவது முட்டுக்கட்டைக்காரர்கள்தான். சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டையைச் சாய்த்து வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். வெயிலில் அத்தனை ஜனமும் காத்து நிற்கும், யாரும் அவசரப்படுத்துவதில்லை. கடைசியில் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று கேட்கும்போது எல்லோருக்கும் மனம் நிறைகிறது. காத்திருப்பது நமக்குப் புதிதல்ல.

ஆகவே ஒரு வேண்டுகோள். முன்னால் போகும் கார் இடது இண்டிகேட்டரோடு நின்று ரிவர்ஸ் விளக்கும் எரிந்தால், ஒரு கார் நீளம் தள்ளி நில்லுங்கள். ஒட்டி நின்றால் அவர் நுழையவே முடியாது. டூ வீலரில் வருகிறவர்கள் அந்த இடது சந்தில் புகுந்து போகாதீர்கள், அவர் கண்ணுக்கு நீங்கள் தெரியாமல் போகலாம். ஹார்ன் அடிக்காதீர்கள். நடைபாதையில் நின்றால், இன்னும் எவ்வளவு தூரம் என்று கையால் காட்டுங்கள்.

நீங்கள் எந்தத் தெருவில் பழகினீர்கள், உங்களுக்கு யார் நின்று கை காட்டினார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழில் இரண்டு பக்கம் அதற்காகவே வைத்திருக்கிறோம். எத்தனையாவது தடவையில் வண்டி உள்ளே போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பதினோராவது தடவை. இஸ்திரிக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், கையை விரித்து ஒரு சாண் அளந்தார், “இங்கயே இருக்கட்டும்மா” என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்