இயந்திரத்தோடு ஆடுவது யார்?

மனிதரும் இயந்திரமும் சேர்ந்து ஆடும் நடனம் இன்று வெறும் கற்பனையன்று. 2025-ஆம் ஆண்டு சீனாவின் வசந்த விழாத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 16 இயந்திர மனிதர்கள் நடனமணிகளோடு சேர்ந்து, கைக்குட்டைகளைச் சுழற்றி, ஒரு நாட்டுப்புற நடனத்தை ஆடின. “இனி மேடையில் மனிதருக்கு என்ன வேலை?” என்று அஞ்சுவோர் ஒருபுறம், “இது நடனமே அன்று, வெறும் வித்தை” என்று முகம் சுளிப்போர் மறுபுறம். இவ்விரு கட்சியிலும் சேர எங்களுக்கு மனமில்லை.

எங்கள் சிந்தனையைப் பெரிதும் தூண்டியது, இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தைவான் நாட்டுக் கலைஞர் ஹுவாங் யி அமைத்த நடனம். 2015-இல் அது நியூயார்க்கிலும் மேடையேறியது. அவர் துணையாகக் கொண்டது மனித உருவம் படைத்த ரோபோவை அன்று. ஜெர்மனியின் ‘கூகா’ நிறுவனம் செய்யும் இயந்திரக் கையை! கார்த் தொழிற்சாலைகளில் தகடுகளைப் பற்றவைக்கும் இனத்தைச் சேர்ந்த கை அது. அதற்கு முகமில்லை, காலில்லை. மூட்டுகள் மட்டும் உண்டு. எந்த மூட்டு எப்போது, எவ்வளவு, எத்தனை வேகமாகத் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கட்டளை எழுதினாராம் ஹுவாங் யி. ஒரு நிமிட அசைவை எழுத ஏறக்குறைய 10 மணி நேரம் பிடித்தது! பரீட்சைக்கு முதல் நாள் பாடத்தைத் தொடங்கும் எங்களுக்கு இதைக் கேட்கவே தலை சுற்றுகிறது.

எழுதி முடித்தபின் அந்தக் கை அதிலிருந்து இம்மியும் பிசகுவதில்லை. இங்கேதான் எங்கள் ஐயம் பிறக்கிறது. கோலாட்டத்தில் ஒருத்தியின் கோல் சற்றுத் தாமதித்தால் எதிரே நிற்பவள் கணப்பொழுது காத்துத் தட்டுவாள், பார்ப்பவர் அறியார். இயந்திரக் கை காத்திராது. எனவே இடம் விடுவதும், வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், அடிபடாமல் விலகுவதும் நடனக்காரர் ஒருவரின் பொறுப்பாகவே முடிகின்றன. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் உடன் ஆட எவருமின்றி இயந்திரக் கையோடு ஆடிய மெரிட் மோர் என்ற பாலே நடனமணிக்கும் இதே நிலைதான். (இவர் ஹார்வர்டில் இயற்பியல் பயின்று ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். பத்தாம் வகுப்பு வந்ததும் மகளின் சலங்கையைப் பரணில் ஏற்றும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.)

ஹுவாங் யி ஏன் இத்தகைய துணையைத் தேடினார்? அவருடைய பெற்றோர் டாங்கோ நடனம் கற்பித்தவர்கள். அவருக்குப் பத்து வயதானபோது குடும்பம் செல்வத்தை இழந்தது. பெற்றோருக்குப் பாரமாகக் கூடாதென்று, சொன்னபடி நடக்கும், பிழையே செய்யாத பிள்ளையாகத் தம்மை ஆக்கிக்கொண்டார். டோரேமான் போன்ற ஓர் இயந்திரத் தோழன் வேண்டும் என்பது அவருடைய சிறுவயது ஆசை. வளர்ந்தபின் கிடைத்த தோழனோ, சொன்னதைத் தட்டாமல் செய்யும் இரும்புக் கை.

பெற்றோரும் அருட்சகோதரிகளும் எங்களைப் பொறுத்தருள வேண்டும். ‘சொன்னதைத் தட்டாத பிள்ளை’ என்ற பாராட்டு எங்களுக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் இந்த மேடையில் சொன்னதைத் தட்டாதது அந்தக் கை. எதிரே இருப்பதை உற்றுக் கவனித்துத் தன் அடியை மாற்றிக்கொள்பவர் மனிதர். நடனம் என்று நாங்கள் கருதுவது இரண்டாவதையே. எந்தப் பண்புக்காகப் பிள்ளைகளைப் புகழ்கிறோம் என்று பெரியவர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாகாதா?

ஆகவே, இதைக் கூட்டு முயற்சி என்று சொல்வதானால், இரும்புக்குள் அசைவுகளை எழுதி வைத்தவருக்கும் அதனெதிரே ஆடியவருக்கும் இடையிலான கூட்டு என்றே சொல்ல வேண்டும். ஹுவாங் யி விஷயத்தில் இருவரும் ஒருவரே. சீனாவின் அந்த 16 இயந்திர மனிதர்களுக்குப் பின்னாலும் கட்டளை எழுதியவர்கள் உண்டு. இத்தகைய நிகழ்ச்சிகளில் ஆடியோரின் பெயர்களை வாசிக்கும்போது அவர்களுடைய பெயர்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.