எலியின் தலைக்குள் ஒரு தேசப்படம்

விளக்கு ஏற்றியதும் சமையலறை எலி ஒரு கணமேனும் தயங்குவதில்லை. நேரே தன் வளைக்கு ஓடி மறைகிறது. அந்த அற்பப் பிராணிக்கு வழி சொல்வது யார்?

1971-ஆம் வருஷத்தில் லண்டனில் ஜான் ஓகீஃப் என்னும் விஞ்ஞானி, தம் சகா ஒருவருடன் இதற்கு விடை காணப் புகுந்தார். எலியின் மூளையில் 'ஹிப்போகாம்பஸ்' என்னும் பகுதியில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அங்கு எழும் மின்சாரத் துடிப்புகளைக் கவனித்தார். எலி ஓரிடத்தில் இருக்கும்போது ஒரு ஜீவ அணு துடித்தது. வேறிடம் சென்றால் அது அடங்கி, வேறோர் அணு துடித்தது. பின்னர் 2005-இல் நார்வே தேசத்து மோஸர் தம்பதிகள், அதற்கு அடுத்த பகுதியில் வேறு வகை அணுக்களைக் கண்டார்கள். எலி நடமாடும் தரையில் அவை துடிக்கும் இடங்களைக் குறித்தால், நம் பெண்மணிகள் வாசலில் வைக்கும் இடைப்புள்ளிக் கோலம் போலவே அமைகிறது! இம்மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவர்கள் எலியின் மூளை பேசுவதைக் கேட்டவர்கள். அதற்குக் கட்டளையிட்டவர்களும் உண்டு. 2002-இல் நியூயார்க் நகரின் புரூக்ளினில், ஸஞ்சீவ் தல்வார், ஜான் சாப்பின் முதலியோர் எலியின் முதுகில் ஒரு சிறு ரேடியோக் கருவியைக் கட்டினார்கள். இடது மீசையை யாரோ தொட்டது போன்ற உணர்ச்சியை மூளையில் எழுப்புவார்கள். எலி இடப்புறம் திரும்பினால், இன்பம் தரும் பகுதியில் மின்சாரம் பாயும். வலப்புறத்துக்கும் அவ்வாறே. சுமார் 500 மீட்டர் தூரத்திலிருந்தே அதை நடத்தினார்கள். ஏணியில் ஏறிற்று, எலிகள் இயல்பாக அஞ்சும் வெளிச்சமான வெட்டவெளியிலும் நடந்தது.

இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேட இது உதவும் என்றார்கள். ஓர் உயிரேனும் பிழைக்குமானால் அதை நாம் இகழோம். ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த எலியை எவரும் அடிக்கவில்லை. அதன் தேசப்படத்தையும் அழிக்கவில்லை. வழியறியும் திறமை அதனுடையதே. போகுமிடம் மட்டும் பிறருடையது. கடிவாளம் பூண்ட குதிரை தலையை உதறவாவது உதறும். இன்பமே கடிவாளமாகிவிட்டால் எதை உதறுவது?

ஆகையால், இத்தகைய கருவி எந்தக் காரியத்துக்கு, யாருடைய மேற்பார்வையில் பயன்படுகிறது என்று கேட்பது விஞ்ஞானிகளின் பொறுப்பு மட்டுமன்று. எலிக்குக் கேட்கத் தெரியாது. அதற்காக நாம்தான் கேட்க வேண்டும்.