இலவச மனை என்று சொல்லாதீர்கள்

2009இல் எங்கள் தெருவுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாயை ஒட்டிய ஒரு ஊர். பந்தல் போட்டு, மைக் கட்டி, 31 குடும்பங்களுக்கு ஆளுக்கு 3 சென்ட். அம்மா அந்தத் தாளை மஞ்சள் பைக்குள் வைத்து, பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். மறுநாள் விடிந்ததும் இடத்தைப் பார்க்கப் போனோம். இடம் தெரியவில்லை. கருவைதான் தெரிந்தது.

ஆள் நுழைய முடியாத கருவைக்காடு. சர்வேயர் அளந்து கல் ஊன்றிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். கல் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, "உள்ளதான் கெடக்கும், வெட்டிப் பாரு" என்றார் தலையாரி. அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் தெரு ஆட்களிடம் அவருக்கு ஒருமைதான்.

சீமைக்கருவேலத்தை வெட்டியவர்களுக்குத் தெரியும், அது வெட்டினால் தீர்கிற மரமில்லை. தரைக்கு மேலே எவ்வளவு ஒட்டி வெட்டினாலும் அடுத்த மழைக்கு ஐந்தாறு கிளையாகத் துளிர்த்து வரும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். கவைக்கம்பால் முள்கிளையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, இன்னொருவர் குனிந்து அரிவாளைப் போட வேண்டும். பிறகு மண்வெட்டியால் சுற்றிப் பறித்து, பக்கவேர்களைக் கோடாரியால் அறுத்து, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்ப வேண்டும். நன்றாக வளர்ந்த ஒரு தூருக்கு அரை நாள் போகும். ஜேசிபி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் ஒரு மணி நேர வாடகை அன்றைக்கு அம்மாவின் ஒரு வாரக் கூலி. அந்த வாடகையைப் புரட்டியிருந்தாலும் வண்டி உள்ளே வரப் பாதை இல்லை. மனைக்கும் சாலைக்கும் நடுவில் ஊர்த்தெருக்காரர் ஒருவரின் புஞ்சை கிடந்தது. வரப்பில் நடந்து போகலாம், அவ்வளவுதான்.

வெட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் ஏலம் எடுத்தவர் வந்தார். கண்மாய்க்கும் அதை ஒட்டிய புறம்போக்குக்கும் சேர்த்து விறகு தன் பேரில் ஏலம் போயிருக்கிறது, நீங்கள் நிற்கிற இடமும் அதற்குள்தான் வருகிறது என்றார். மண் எங்களுடையது, மரம் அவருடையது. கரிமூட்டத்துக்கு ஆகிற தடிமனான அடிமரங்களை எங்கள் தெரு ஆண்களையே கூலிக்கு வைத்து வெட்டி ஏற்றிக்கொண்டு போனார். முள்கிளையும் தூரும் எங்களுக்கு மிஞ்சின. அம்மா, சித்தி, சித்தப்பா மூன்று பேரும் 26 நாட்கள் வேலைக்குப் போகாமல் எங்கள் 3 சென்ட்டைத் திருத்தினார்கள். 78 ஆள் நாள் கூலி. சித்தப்பாவின் பாதத்தில் முள் ஒடிந்து சீழ் வைத்ததற்கான செலவு தனி.

இதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் 'இலவச வீட்டுமனை'. முனைவர் பட்ட ஆய்வுக்காக நில ஒப்படை ஆவணங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், இது எங்கள் ஊர் தாசில்தாரின் அலட்சியம் மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது. நிலம் எங்களுக்கு எப்போது தரப்படுகிறது, எப்போது பிடுங்கப்படுகிறது என்பதற்கு இந்த மாநிலத்தில் நூறாண்டைத் தாண்டிய ஒரு ஒழுங்கு இருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக மட்டுமே நாம் நினைவு வைத்திருக்கிறோம். அன்றைக்குச் சேரியில் இருந்தவர்களின் குடிசை நின்ற மண்ணே அவர்களுடையதாக இல்லை. பண்ணை வேலைக்கு வர மறுத்தால் மிராசுதார் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லலாம். சரி, ஊருக்கு வெளியே கிடக்கும் தரிசைத் திருத்தி வாழ்ந்துகொள்ளலாம் என்று மனுப் போட்டால், அதே நிலத்தைக் கேட்க மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. பல தலைமுறைகளாக முளைத்துக் கிடந்த முட்காடு, சேரி ஆள் கைவைக்க வந்த அன்றுதான் மிராசுதாரின் கண்ணில் படும். நிலத்தின் மீது அவருக்கு அப்படியொன்றும் ஆசையில்லை. சேரிக்குச் சொந்த மண் வந்துவிட்டால் நடவுக்கு யார் வருவார்கள் என்பதே அவருடைய பயம்.

1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அந்த நிலம் எப்படிப்பட்டதாக இருந்தது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. பெரும்பகுதி தரிசு. புதர், கல், களர். அதைத் திருத்தி விளைநிலமாக்கியது வாங்கியவர்களின் உடம்பு. திருத்தி முடித்ததும் கடன், மிரட்டல், போலிப் பத்திரம் என்று ஏதோ ஒரு வழியில் கைமாறியது. பஞ்சமரல்லாதவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் தாளில் அப்படியே கிடந்தது. காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

காடாகக் கிடக்கும்வரை அது எங்களுக்கு உரியது. திருத்திவிட்டால் ஊருக்கு உரியது.

வீட்டுமனையிலும் இதே கதைதான், அளவு மட்டும் 3 சென்ட்டாகச் சுருங்கிவிட்டது. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்காக நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தனிச் சட்டம் போட்டார்கள். ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தைத் தொட்டால் வழக்கு, தடை, மறியல். அதனால் யாரும் சண்டைக்கு வராத இடத்தை அதிகாரிகள் தேடுகிறார்கள். சண்டை வராத இடம் என்றால் பள்ளம், சுடுகாட்டுப் பக்கம், முட்காடு. பட்டாவோடு ஒரு நிபந்தனையும் வரும்: குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்டாவிட்டால் ஒப்படையை ரத்து செய்யலாம். இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாதை இல்லாத, கல் தெரியாத, ஆள் நுழைய முடியாத ஒரு காட்டைக் கொடுத்துவிட்டு, ஏன் இன்னும் வீடு கட்டவில்லை என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவிலேயே 31 பேரில் 9 பேரால் திருத்த முடியவில்லை. வயதானவர்கள், கணவனை இழந்தவர்கள், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள். "ஓசில குடுத்தா இப்டித்தான், அருமை தெரியாது" என்று டீக்கடையில் பேசியவர்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

வீடு கட்டும் திட்டங்களுக்கும் கண் தெரிவது அஸ்திவாரத்திலிருந்துதான். கலைஞரின் கனவு இல்லம் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது, 360 சதுர அடி. நல்லது, வரவேற்கிறேன். தவணைகள் கட்டடம் எழும்ப எழும்ப வரும். கட்டடம் நிற்க வேண்டிய தரையை உண்டாக்கிய உழைப்புக்கு அந்த மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் நிலத்தின் மரத்தையே ஆயுள் முழுக்க வெட்டி, தனக்கென்று ஒரு சென்ட்கூட இல்லாதவர்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக இருந்த நிலையில் மீட்டார்கள். இருளர் குடும்பங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடந்த படத்தைப் பலர் பகிர்ந்தார்கள், கண்ணீர் விட்டார்கள். அவர் வெட்டிய இடத்தில் பிறகு என்ன எழும்பியது என்று கேட்டவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

இனி நம் சூழலியல் நண்பர்களுக்கு வருகிறேன். ஒரு கருத்தரங்கில் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னபோது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஆனாலும் அது பல உயிர்களுக்கு வாழிடம் இல்லையா தோழர்?" என்றார். கேள்வி தவறில்லை. உடையும் குடைவேலும் நிற்கிற நாட்டு முட்காட்டை அழிப்பதற்கு நானும் எதிரிதான். மேய்க்கால் புறம்போக்கைப் பட்டா போட்டுத் தீர்ப்பதும் ஆடு மேய்ப்பவர்களின் வயிற்றில் அடிப்பதுதான். ஆனால் அந்தக் கேள்வி எங்களிடம் மட்டும் வருவது ஏன்? மலையடிவாரத்தில் காட்டை வழித்துத் தரைமட்டமாக்கி, வேலி போட்டு, 'பண்ணை வீடு' என்று விற்கிறார்களே. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இயற்கை ஆர்வலர்கள் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வெட்டினால் அது மனை மேம்பாடு. நாங்கள் வெட்டினால் ஆக்கிரமிப்பு, அல்லது வாழிட அழிப்பு. 2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊர் ஊராக அரிவாளோடு படம் எடுத்துப் போட்டார்கள். அதே ஆண்டில் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. மரம் கெட்டதா நல்லதா என்று மாநிலமே விவாதித்தது. அந்த மரத்தின் நடுவில் குடிவைக்கப்பட்டவர்களைப் பற்றி அந்த விவாதத்தில் நான் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

'காடுவெட்டி' என்று பல்லவ அரசர்களுக்குப் பட்டப்பெயர் இருந்த மண் இது. எந்தப் பல்லவன் குனிந்து தூர் பறித்தான்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டாவைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அரசு தன் செலவில் இடத்தைத் திருத்தி, கல் தெரியும்படி, வண்டி வரும் பாதையோடு ஒப்படைக்க வேண்டும். மக்களே திருத்தினால் அந்த ஆள் நாட்களுக்குக் கூலி தர வேண்டும். ஒப்படை செய்த அன்றிலிருந்து அங்கே நிற்கும் மரமும் பட்டாதாரருடையது என்று ஆணையிலேயே எழுத வேண்டும். ஏலத்திலிருந்து அந்த சர்வே எண்ணை நீக்க வேண்டும். வீடு கட்டும் கெடு, இடம் திருத்தப்பட்ட நாளிலிருந்துதான் எண்ணப்பட வேண்டும். ஏற்கெனவே திருத்தியவர்களின் நிலுவையையும் கணக்குப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கு 78 நாள். அம்மா தேதி வாரியாகச் சொல்வார்.

போன மாதம் எங்களுக்குப் பக்கத்து ஊரில் 22 குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்திருக்கிறார்கள். இடம் பார்க்க அவர்களோடு நானும் போயிருந்தேன். கண்மாய்க் கரைக்குக் கீழே, அதே கருவை. கல் எங்கே என்று ஒரு அக்கா தேடிக்கொண்டிருந்தார். ஏலம் எடுத்தவரின் டிராக்டர் ஏற்கெனவே கரைமேல் நின்றுகொண்டிருந்தது.