கால்வாயை ஆக்கிரமித்தவர் யார்?

திருத்தணியைக் கடந்து செல்லும் நந்தியாறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, எண்ணூரில் பக்கிங்காம் கால்வாயைச் சந்தித்துக் கடலை அடைகிறது. ஆகவே மலையடிவாரத்தில் வாழும் எங்களுக்கு அக்கால்வாய் அந்நியமானதன்று. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களோடு, சேப்பாக்கம் முதல் மந்தைவெளி வரை அதன் கரையோரம் நடந்தோம். படகில் செல்லவே விரும்பினோம்; ஆனால் அந்தக் கழிவுநீரில் படகுக்கு வழியில்லை.

ஒரு காலத்தில் வழி இருந்தது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய கால்வாய், பின்னர் ஆந்திரக் கடலோரம் வரை நீண்டது. உப்பும் விறகும் அதில் படகேறி வந்தன. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. பகுதி 1877–78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்பஞ்சத்தில் நிவாரணக் கூலிகளுக்கு ரிச்சர்டு டெம்பிள் பரிந்துரைத்த ஒரு நாள் கூலி, ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் சிறிது காசும் மட்டுமே. நிலமற்ற கூலிகளே அப்பஞ்சத்தில் பெருமளவில் மடிந்தனர். கால்வாயோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

1960களின் புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நலிந்தது. பின்னர் பறக்கும் ரயில் திட்டம் வந்தது. 1997இல் மயிலாப்பூர் வரை நீண்ட அத்தடத்திற்காகக் கால்வாயின் படுகையிலேயே தூண்கள் ஊன்றப்பட்டன. நிலையங்கள் நீரின் மேல் எழுந்தன. நாங்கள் நடந்த வழியெங்கும் கண்ட காட்சி இதுவே. 2008இல் ஒன்றிய அரசு இக்கால்வாயையும் உள்ளடக்கித் தேசிய நீர்வழி எண் 4 என அறிவித்தது. நீர்வழியின் நடுவே அரசே தூண் ஊன்றியிருப்பதை எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. அச்சொல் கரையில் குடியிருப்போருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற ஆணையின்பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அப்போது முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகே மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் மாற்று வீடுகள் வழங்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஓர் உயிர் போன பின் அருகிலேயே வீடு தர இயலுமென்றால், அதற்கு முன் ஏன் இயலவில்லை? கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் தவிர வேறு இடமில்லை என்ற வாதம் அன்றே உடைந்துவிட்டது. நகரின் மறுகோடிக்கு அனுப்பப்படும் வீட்டுவேலைப் பெண்ணும் தூய்மைப் பணியாளரும் வீட்டைப் பெற்று வேலையை இழக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியை இழக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வாழ்வாதாரம் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 நவம்பர் 13 அன்று, இடிப்புக்கு முன் 15 நாள் அறிவிப்பு தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களிலுள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அந்நெறிமுறை பொருந்தாது என்று விலக்கும் அளித்தது. நிலம் மறுக்கப்பட்ட மக்கள் நகரங்களில் தங்க முடிந்த இடங்களின் பட்டியலே இது. பாதுகாப்பு யாருக்கு மிகுதியும் தேவையோ, அவர்களே விலக்குக்குள் தள்ளப்பட்டுள்ளனர். அவர்களில் தலித் மக்கள் எத்தகைய விகிதத்தில் உள்ளனர் என்பதைக் கணக்கிடாமல் எந்த அகற்றலும் நியாயமாகாது.

கால்வாய் மீட்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளத்தில் முதலில் மூழ்குவோர் கரையோர மக்களே. ஆனால் அளவீடு அனைவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கால்வாய்க்குள் நிற்கும் அரசுக் கட்டுமானங்கள், தனியார் கட்டடங்கள், குடிசைகள் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் குறித்து வெளியிடுக. வீடு வீடாகக் கணக்கெடுத்து, அம்மக்களிடம் கருத்துக் கேட்டு, பணியிடத்திற்கும் பள்ளிக்கும் அருகில் மாற்று வீட்டை முதலில் கட்டுக. அதன் பிறகே எந்திரம் வரட்டும். இந்த வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரும் பணியை எங்களோடு நடந்த மாணவர்கள் தொடங்குகிறார்கள். பிற ஊர்களின் நீர்நிலைக் கரைகளிலும் இப்பணி தொடங்கட்டும்.