கத்தரி யார் கையில்?

நம்ம சத்தம் வேணும், நாம வேணாம். இதுதான் இந்தச் சாதிச் சமூகத்தின் இசைக் கொள்கை. சாவுக்கும் சாமிக்கும் பறை வேணும். அடிக்கிறவன் மட்டும் தெருவுக்கு வெளியே நிக்கணும்.

2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதியவர், சேர்ந்து பாடியவர் அறிவு. அதே ஆண்டு அந்தப் பாட்டைப் பற்றிப் பேசிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் முகம் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவருக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. உலகமே கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி.

இதை ஊரான் மட்டுமா செய்யிறான்? விடுதி மாணவர்கள் சிலர் செல்போனில் எடுத்த நாலு நிமிடப் பாட்டுப் படம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். பாட்டில் கோபம் இருக்கு, தாளம் இருக்கு. ஆனால் திரை முழுக்கப் பாடுகிற தம்பியின் முகம். பறையடித்த நாலு பெரியவர்களும் வெறும் கையாகவும் குச்சியாகவும் வந்து போகிறார்கள். “அதான் பறை கேக்குதேண்ணே” என்றார்கள். கேட்டால் மட்டும் போதாது தோழர்களே. எடிட்டிங்கில் விழுகிற ஒவ்வொரு வெட்டும் அரசியல்தான்.

திட்டமிடும்போதே பெரியவர்களோடு உட்காருங்கள். இழிவென்று பறையைக் கீழே போட்டவர்கள் நம்மிடம் உண்டு. விடுதலைக் கருவியென்று திரும்ப எடுத்தவர்களும் உண்டு. எங்கே, எதற்காக அடிக்கிறோம் என்பதை அவர்கள்தான் சொல்லணும். கூலியையும் அப்போதே பேசி முடிக்கணும். ஓசியில் அடிக்க வைத்தது ஆண்டைகளின் பழக்கம்.

பறை, தோல் கருவி. காய்ச்சினால் விறைத்துச் சுருதி ஏறும், ஆறினால் இறங்கும். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று பதிந்து ஒட்டினால் ஒட்டாது. முதலில் பாட்டு முழுவதையும் ஒரே அமர்வில் ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். பிறகு அதை ஓடவிட்டுப் படம் பிடியுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டு இருந்தால், ஒட்டும்போது உதடும் குச்சியும் பிசகாது. தீ மூட்டிக் காய்ச்சுவதையும் எடுங்கள். அதுவும் கலைஞரின் உழைப்புதான்.

செல்போன் வெளிச்சத்தைத் தானாகவே கணக்கிடும். பின்னால் வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் நம்ம கறுத்த முகம் இருட்டாகிப் போகும். திரையில் அந்த முகத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டுங்கள். தோலை வெளுப்பாக்கும் பில்டரை அணைத்துவிடுங்கள். கறுப்பு கறுப்பாகவே வரட்டும்.

எடிட் செய்யும்போது நொடிகளை எண்ணிப் பாருங்கள். நாலு நிமிடம் என்றால் 240 நொடி. அதில் அடிக்கிறவர் முகத்துக்கு எத்தனை? குலவையிடும் அம்மாவுக்கு எத்தனை? இறுதி வெட்டுக்கு முன்னால் சேரியில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்கிற ஷாட்டைத் தூக்குங்கள். பெயர்ப் பட்டியலில் 'பறைக் குழுவினர்' என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். ஆளாளுக்குப் பெயர், பெயரோடு ஊர்.

பேரும் முகமும் இல்லாமல் நம்ம சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் போதும். நாமும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

ஜெய்பீம்!

- ஆசிரியர்