யார் கையில் வரைபடம்?



அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழ்த்திசை மலைத்தொடரில் நெடிய நடைபாதை ஒன்று உண்டு. தெற்கே ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, பதினான்கு மாநிலங்களைக் கடந்து, வடக்கே மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சியில் அது முடிவுறுகின்றது. அப்பலாச்சியன் பாதை என்பது அதன் பெயர். நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1921இல் பென்டன் மக்காய் என்பவர் முன்மொழிந்த இப்பாதை 1937இல் முழுமை பெற்றது. இளவேனிற் காலத்தில் தெற்கே புறப்படுவோர், குளிர்காலம் வருமுன் கட்டாடினை அடைந்தாக வேண்டும். ஐந்து முதல் ஏழு மாத நடை. முழுவதும் நடப்பதாகத் தொடங்குவோரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவரே முடிக்கின்றனர்.

இவர்களுள் கணவனும் மனைவியுமாய்ச் செல்வோரும் உளர். மணம் புரியாத இவருக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கக்கூடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தம்பதியரின் வழக்குகளைக் கேட்டு வருபவன் என்பதே என் ஒரே தகுதி. இத்தகைய நடைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இருவரில் யார் எதைச் சுமக்கிறார் என்பதையே என் கண் தேடுகின்றது.

இருவராய்ச் செல்வதில் சுமை குறையும் என்பது உண்மையே. ஒரு கூடாரம், ஒரு சிற்றடுப்பு, ஒரு பாத்திரம் இருவருக்கும் போதும். கூடாரத் துணி ஒருவர் முதுகில், அதன் கழிகளும் முளைகளும் மற்றவர் முதுகில். வழியிலுள்ள சிற்றூர்களில் இறங்கி நான்கைந்து நாட்களுக்கு வேண்டிய உணவை வாங்கிக்கொள்வர். இரவில் உணவுப் பையைக் கூடாரத்துக்குள் வைத்தல் ஆகாது, கரடி வரும். எனவே தொலைவிலுள்ள மரக்கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடுவர்.

நடையின் வேகமே இருவருக்கும் முதல் சோதனை. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறியான நெய்ஸ்மித் என்பார் 1892இல் ஒரு கணக்கு வகுத்தார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனோடு, ஏறும் ஒவ்வோர் 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி. ஆயினும் இது திடமான ஒருவருக்கான கணக்கு. இருவர் செல்லும்போது, மெதுவாய் நடப்பவரின் காலே கணக்கு. விரைந்து நடப்பவர் முன்னே சென்று பாறையில் அமர்ந்து இளைப்பாறுவார்; பின்னவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "போவோமா?" என்று எழுந்துவிடுவார். ஓய்வு ஒருவருக்கே கிட்டியது! இந்தக் காட்சியைக் காண அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை என்று நம் இல்லத்தரசிகள் முணுமுணுப்பது என் காதில் விழுகின்றது.

ஆனால் இதனினும் ஆழ்ந்த பிழை ஒன்று உண்டு. அது அன்பின் வேடத்திலேயே வருகின்றது. "உனக்கேன் சிரமம்? வரைபடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் ஒருவர். மற்றவர் நன்றியுடன் பின்தொடர்கின்றார். அப்பாதையில் மரங்கள்தோறும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பதால், நூறு நாள் நடந்தும் பின்வருபவர் வழியறியப் பழகாமலே இருந்துவிட முடியும். பட்டை கண்ணில் படாத ஒரு கணம் வரும்போதோ, அவர் தனியே நிற்கக்கூடும்.

2013ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மேய்ன் மாநிலத்துக் காட்டில் அத்தகைய கணம் ஒன்று வந்தது. அறுபத்தாறு வயதான அம்மையார் ஒருவர் இப்பாதையில் நடந்துகொண்டிருந்தார். அவருடைய கணவர் ஊர்தியில் சென்று, பாதை சாலையைக் கடக்கும் இடங்களில் காத்திருந்து, வேண்டியவற்றை அளித்து வந்தார். உடன் நடந்து வந்த தோழி, குடும்பத்தில் நேர்ந்த அவசரத்தால் ஜூன் இறுதியில் திரும்பிவிட்டார். அன்று இயற்கைக் கடனுக்காகப் பாதையை விட்டு விலகிய அம்மையார், மீண்டும் அதைக் காணவே இல்லை. கைப்பேசியில் கணவருக்கு அவர் அனுப்ப முயன்ற செய்திகள், அலை இல்லாமையால் சென்று சேரவில்லை. மறுநாள் குறித்த சாலையில் கணவர் காத்திருந்தார். பெருந்திரளானோர் தேடினர். 2015 அக்டோபரில்தான் கூடாரமும் எலும்புகளும் கிடைத்தன. பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில்! குறைந்தது இருபத்தாறு நாட்கள் அவர் உயிரோடிருந்தார் என்பதை அவருடைய குறிப்பேடு காட்டிற்று. திசையறிவதில் அவர் வல்லவர் அல்லர் என்று தோழி பின்னர்க் கூறினார்.

அக்கணவர் கடமை தவறியவர் அல்லர். சொன்ன இடத்தில் சொன்ன நாளில் நின்றவர். அதனாலேயே இந்நிகழ்ச்சி என்னை வாட்டுகின்றது.

இதற்கு நேர்மாறாக எம்மா கேட்வுட் என்னும் பாட்டியாரை எண்ணிப் பார்க்கிறேன். பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். கணவரின் கொடிய அடிகளைப் பல்லாண்டு தாங்கி, பின்னர் மணவிலக்குப் பெற்றவர். 1954இல் மேய்னில் நடக்கத் தொடங்கி வழி தவறினார். வனக்காவலர் வீட்டுக்குப் போகுமாறு அறிவுறுத்தினர். மறு ஆண்டே, அறுபத்தேழு வயதில், தெற்கிலிருந்து புறப்பட்டுத் தன்னந்தனியே முழுப்பாதையையும் நடந்து முடித்தார். தோளில் தாமே தைத்த பை, காலில் சாதாரணத் துணிச் செருப்பணி. எல்லோருக்கும் துணை வாய்ப்பதில்லை. வாய்த்த துணை எல்லாம் துணையாவதும் இல்லை.

ஆகவே, இணைந்து மலைக்குச் செல்லும் தம்பதியருக்கு நான் சொல்வது இதுதான். கூடாரத்தைப் பங்கிடுங்கள், அடுப்பைப் பங்கிடுங்கள். உயிர் காப்பவற்றைப் பங்கிட வேண்டாம். உறக்கப் பை, மழைக்கோட்டு, நீர், ஒரு நாள் உணவு, கைவிளக்கு, ஊதல், வரைபடம், திசைகாட்டி ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் தனித்தனியே இருக்கட்டும். கைப்பேசியில் வழி பார்க்கலாம் என்பீர்கள். மின்கலம் தீர்ந்தபின் அது வெறுங்கல். வழி தவறியவர் நின்ற இடத்திலேயே நின்று ஊதட்டும். மும்முறை ஊதுவது அந்நாட்டில் உதவி கோரும் அடையாளம்.

ஒரு நாள் கணவர் வழிகாட்டட்டும், மறுநாள் மனைவி. அவர் தவறான பக்கம் திரும்பினால், அடுத்தவர் உடனே பாய்ந்து திருத்தாமல் நூறு அடியாவது பொறுக்கட்டும். தாமே கண்டுகொள்ள இடம் கொடுக்கட்டும். இந்த நூறு அடிதான் முழுப்பாதையிலும் கடினமானது என்று அஞ்சுகிறேன். மாலையில் கூடாரம் கட்டி, உணவுப் பையை மரத்தில் ஏற்றியபின், விளக்கொளியில் மறுநாளைய வழியை இருவரும் விரலால் தொட்டுப் பார்க்கட்டும்; நீர் எங்கே, சாலை எங்கே, பிரிய நேர்ந்தால் காத்திருக்கும் இடம் எது என்று பேசி முடித்து, ஆளுக்கொரு வரைபடத்தை மடித்துத் தத்தம் பையில் வைத்துவிட்டு உறங்கட்டும்.